மதினிக்காகப் பிடித்த சளி

எனக்குச் சளி பிடித்தால் எங்கள் குடும்பத்தில் சந்தோஷப்படுவார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் தும்மினேன் என்று தெரிந்தால் அண்ணன் உடனே போன் செய்வான். "காய்ச்சல் உண்டா? நெஞ்சுல இறங்கிட்டா?" என்று ஆசையாக விசாரிப்பான். இறங்கிவிட்டது என்றால் அவன் குரலில் ஒரு நிம்மதி தெரியும். மறுகணமே வெட்கப்பட்டு, "சுக்குக் காப்பி போட்டுக் குடிளா" என்பான்.

நான் தூத்துக்குடி டவுன் பஸ்ஸில் கண்டக்டர். பெயர் இசக்கிப்பிரியா, பிரியாவை யாரும் கூப்பிடுவதில்லை. பஸ் தானாக ஓடுகிறது. டிரைவர் சீட்டை எடுத்துவிட்டு அங்கே இரண்டு பேர் உட்கார இடம் போட்டு வெகுகாலம் ஆகிறது. டிக்கெட்டும் தானாகவே விழுந்துவிடும். அப்படியானால் கண்டக்டர் எதற்கு என்று எங்களையும் வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். படியில் தொங்குகிறவனை உள்ளே போகச் சொல்லவும், லேடீஸ் சீட்டில் தூங்குவது போல நடிக்கிறவனை எழுப்பவும் எந்த மெஷினுக்கும் தெரியவில்லை. ஒரே வாரத்தில் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். மழைக்காலத்தில் ஊரில் உள்ள இருமல் முழுக்க என் முகத்துக்கு நேராகத்தான் இருமப்படும். ஆனாலும் முகமூடி போட எனக்கு அனுமதி இல்லை. நான் தாங்கி.

யாருக்குத் தாங்கி என்றால், என் மதினி சொர்ணலதாவுக்கு. அண்ணன் பெண்டாட்டி என்பது பிற்பாடு வந்த உறவு. அதற்கு முன்னாலேயே எங்கள் தாய்மாமன் மகள்.

மதினிக்கு லூபஸ். முதலில் வெயிலில் போனால் கன்னம் இரண்டும் சிவந்தன. பிறகு காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கவில்லை. பிறகு சிறுநீரகம். அதோடு வருஷத்துக்கு மூன்று தடவை நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் படுத்தாள். ஏன் இவளுக்கு மட்டும் இத்தனை காய்ச்சல் என்று மரபணுவைச் சோதித்துவிட்டு, டாக்டர் நஸ்ரின் எங்கள் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"காவலுக்கு வச்ச ஆளுங்க சொந்த வீட்டுக்காரங்களையே அடிச்சா எப்படி இருக்கும்? அதுதான் லூபஸ். அவங்களை அடக்க மருந்து குடுக்கிறோம். அடக்கினா வெளியில இருந்து வர்ற கிருமிக்கு வசதியாப் போயிடுது. இது இந்த நோய் உள்ள எல்லாருக்கும் உள்ள கஷ்டம். உங்களுக்கு இன்னொண்ணும் இருக்கு. கிருமி மேல அடையாளம் போட்டுக் காட்டிக்கொடுக்க ஒரு புரதம் உண்டு. அதைச் செய்யற மரபணு அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு வரும். ஒண்ணு பழுதானா இன்னொண்ணு சமாளிச்சுக்கும். உங்களுக்கு ரெண்டுமே பழுது. லூபஸ் வந்ததுக்கே அதுகூடக் காரணமா இருக்கலாம்." கொஞ்சம் தயங்கினார். "உங்க வீட்ல சொந்தத்துக்குள்ளயே கட்டுவீங்களா?"

அண்ணன் தரையைப் பார்த்தான். மதினியின் அப்பாவும் அம்மாவும் மாமன் மகன், அத்தை மகள். அவர்களைப் பெற்றவர்களும் அப்படியே. எங்கள் வீட்டில் வெளியே போய்ப் பெண் எடுத்தவன் என்று யாரையும் சொல்ல முடியாது. வெளியே போய் மாப்பிள்ளை பிடித்தவள் நான் ஒருத்திதான். மதினியின் தம்பிக்கு என்று பேசி வைத்திருந்த நான், கப்பலில் வேலை பார்க்கும் ராமேஸ்வரத்துக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டேன். அதற்காக மதினி ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை.

அந்த டாக்டர்தான் தாங்கியைப் பற்றிச் சொன்னார். ஊரில் நடமாடி, ஊர்க் கிருமிகளையெல்லாம் வாங்கித் தேறுகிற ஓர் ஆள் வேண்டும். மாதம் ஒரு முறை அந்த ஆளின் ரத்தத்தில் இருந்து, சண்டை பழகிய அணுக்களைப் பிரித்துத் திருத்தி, ஒரு பையில் நோயாளிக்கு ஏற்றுவார்கள். இல்லாத புரதமும் அதோடு போய்ச் சேரும். ஒரு மாதம் வரை காவல் நிற்கும். மரபணு பொருந்த வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. மதினியின் கூடப்பிறந்த தம்பிக்குப் பொருந்தவில்லை. எனக்கு அப்படியே பொருந்தியது.

"பழுதைக் குடுத்த அதே சொந்தம்தான் பொருத்தத்தையும் குடுத்திருக்கு," என்றார் டாக்டர்.

"எனக்கு வேண்டாம்," என்றாள் மதினி. "அவ ஒண்ணும் எனக்காக மாசாமாசம் காய்ச்சல்ல கிடக்க வேண்டாம்."

"பஸ்ல எப்படியும் எனக்குச் சளி பிடிக்கத்தான போகுது? வீணாப் போறத நீங்க வாங்கிக்கிட்டா என்ன மதினி?" என்றேன் நான். எங்கள் வீட்டில் பெரிய விஷயங்களை இப்படித்தான் முடிவு செய்வோம்.

இதை ஏதோ தியாகம் போல எழுதிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. நான் சரி சொன்னது என் இஷ்டம். எல்லோருக்கும் அந்த இஷ்டம் கிடைப்பதில்லை. இப்போதெல்லாம் கல்யாணப் பேச்சில் ஜாதகத்தோடு இதையும் பார்க்கிறார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் குடித்து வைத்த எச்சில் டம்ளரைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டு போய்ச் சோதித்த வீடுகள் உண்டு. மருமகள் என்று அழைத்து வந்து தாங்கியாக வைத்துக்கொண்டவர்கள் உண்டு. அந்தப் பெண்கள் என் பஸ்ஸில் வருவார்கள். இறங்கும் இடம் எதுவும் இருக்காது. மூக்கு சிவந்து, முகமூடி இல்லாமல், கூட்டம் எங்கே நெரிகிறதோ அங்கே போய் நிற்பார்கள். அவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரமாக வரும். உட்கார இடம் பிடித்துக் கொடுப்பேன். வேறென்ன செய்ய முடியும்?

முதல் நாளே டாக்டர் நஸ்ரின் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். மதினியும் பக்கத்தில் இருந்தாள்.

"கர்ப்பம்னு தெரிஞ்சா அன்னைக்கே எனக்குச் சொல்லணும். வயித்துல இருக்கிறது பாதிதான் உங்களது. மீதிப் பாதி வெளியாள். அதை அடிச்சிடாம இருக்க உடம்பு தன் ஆளுங்களைச் சாந்தப்படுத்தி வைக்கும். அந்தச் சாந்தமான ஆளுங்களை எடுத்து இவங்களுக்குக் குடுத்தா, வலி குறையும், சுகமா இருக்கும். ஆனா காவல் இருக்காது. அதோட, அந்த நேரத்துல உங்ககிட்ட எடுக்கிறது பிள்ளைக்கும் நல்லதில்ல."

நான் சரியென்று தலையாட்டினேன். அப்போதே எனக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை.

மதினியின் வீடு எங்கள் பஸ் ரூட்டில்தான் இருந்தது. மாடியில் காற்றை வடிகட்டி அனுப்பும் அறை ஒன்று. மழைக்காலத்திலும் பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்திலும் அவள் அந்த அறையை விட்டு வர மாட்டாள். பஸ் கீழே நிற்கும்போது அண்ணாந்து பார்ப்பேன். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பாள். இருவரும் பார்த்துக்கொண்டே போனில் பேசுவோம்.

"என்னளா, மூக்கு பழுத்திருக்கு?"

"உங்களுக்குத்தான் சமைச்சிட்டிருக்கேன். கொஞ்சம் வேகட்டும்."

"உப்பு பாத்துப் போடு. போன மாசம் வயித்தால போயிட்டு எனக்கு."

நான் தாங்கியான பிறகு ஐந்து வருஷம் மதினி ஆஸ்பத்திரியில் ஒரு நாளும் படுக்கவில்லை. இடையில் எனக்கு இரண்டு முறை மாதக்குளி நின்றது. இரண்டு முறையும் உடனே டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் ரத்தம் எடுப்பதை நிறுத்திவிட்டு மதினிக்கு வேறு மருந்துகள் கொடுத்தார். இரண்டு முறையும் மூன்று மாதம் முடிவதற்கு முன்னாலேயே கலைந்துபோனது.

எங்கள் பக்கம் மூன்று மாதம் முடியும்வரை வயிற்றில் இருப்பதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நானோ டாக்டரிடம் சொன்னேன், டாக்டர் அண்ணனிடம் சொன்னார், அண்ணன் அம்மாவிடம் சொன்னான், அண்ணன் வீட்டில் இருக்கும் அம்மா அந்தத் தெருவுக்கே சொன்னாள். கலைந்த பிறகு, நல்ல செய்தியைக் கேட்டுச் சிரித்த ஒவ்வொரு முகத்திடமும் திரும்பப் போய் இல்லையென்று சொல்ல வேண்டியிருந்தது. கலைந்தது ஒரு வலி. இந்தச் சொல்லிவிட்டு வருவது இருக்கிறதே, அதை என் எதிரிக்கும் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது முறை நின்றது ஆடி மாதம். ஆடிப் பைக்கு ரத்தம் கொடுத்து ஒரு வாரத்துக்குப் பிறகுதான் எனக்கே தெரிந்தது. கப்பலில் இருந்த வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர், "யார்ட்டயும் சொல்லாத," என்றார். எனக்கும் அதுவேதான் தோன்றியது.

ஆனால் மதினிக்குப் போன ஆடிப் பை? பஸ் கீழே நிற்கும்போதெல்லாம் அண்ணாந்து அவள் முகத்தையே தேடினேன். அவளோ நன்றாக இருந்தாள். ஒருநாள் ஜன்னலில் நின்று தன் தலையைத் தானே பின்னிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் கையால் அவள் பின்னி நான் பார்த்ததில்லை.

ஆவணி வந்தது. ரத்தம் கொடுக்கும் நாள் நெருங்கியது. டாக்டரிடம் சொன்னால் ஊருக்குத் தெரியும். மறுபடியும் கலைந்துவிடும் என்று என் மனசு அடித்துச் சொன்னது. சொல்லாமல் கொடுத்தால் பிள்ளைக்கும் ஆகாது, மதினிக்கும் ஆகாது. எந்தப் பக்கம் யோசித்தாலும் யாராவது ஒருத்தரைக் கொன்றுவிடுவேன் போல இருந்தது. அன்று காலை புறப்பட்டு வாசலைப் பூட்டும்போது போன் வந்தது. மதினி.

"இந்த மாசம் நீ வர வேண்டாமாம்ளா. என் ரத்தத்துல எண்ணிக்கையெல்லாம் நல்லா இருக்காம். டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"நெசமாவா மதினி?"

"பின்ன, பொய்யா சொல்லுதேன்? போய்ப் படுத்துத் தூங்கு. கண்ணெல்லாம் குழி விழுந்து கிடக்கு."

படியிலேயே உட்கார்ந்து அழுதேன். கடவுள் எனக்காக ஒரு மாதம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். புரட்டாசியிலும் அதே போன், அதே பதில். பதிவு செய்வது, தேதி வாங்குவது எல்லாம் மதினி பெயரில்தான் நடக்கும் என்பதால் ஆஸ்பத்திரியில் இருந்து எனக்கு எந்தத் தகவலும் வராது. நான் எதையும் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட எனக்கு ஆசையும் இல்லை.

புரட்டாசி கடைசியில் முதல் மழை விழுந்தது. டிப்போவில் இருந்தபோது அண்ணன் கூப்பிட்டான்.

"இசக்கி, சொர்ணத்துக்கு மூச்சு முட்டுது. ஆஸ்பத்திரிக்கு வா."

நான் போனபோது மதினியைக் கண்ணாடி அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். நெஞ்சு முழுக்கச் சளி. டாக்டர் நஸ்ரின் வெளியே வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். வராந்தா என்றும் பார்க்கவில்லை, அண்ணன் நிற்கிறான் என்றும் பார்க்கவில்லை. மூன்று மாதம் முடிய இன்னும் சில நாள் இருந்தது. அது போனாலும் போகட்டும் என்று அந்த நேரத்தில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகப் பிள்ளையிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"டாக்டர், நான் முழுகாம இருக்கேன். ஆடிப் பை குடுக்கும்போதே அப்படித்தான். சொல்லாம விட்டுட்டேன். அந்தப் பைதான் இப்படிப் பண்ணிட்டு. என்ன மருந்து குடுக்கணுமோ அதை மாத்திக் குடுங்க."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டான்.

டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆடிப் பை ஒரு மாசத்துக்கு மேல நிக்காது. இது அதால வந்தது இல்ல. இவங்க உடம்புல இப்ப காவலே இல்ல, அதனால வந்தது. சரி, நீங்க கப்பல்ல இருந்து எப்ப வந்தீங்க?"

"எந்தக் கப்பல்?"

"வீட்டுக்காரரோட கப்பல்ல போயிருக்கீங்க, திரும்ப மூணு மாசம் ஆகும்னு சொர்ணலதா ஆவணிலயே சொன்னாங்களே. வேற தாங்கி தேடட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், அவ வந்துருவா, அதுவரைக்கும் ரூமுக்குள்ளயே இருந்துக்கிடுதேன்னாங்க."

"நீங்கதான இந்த மாசம் வேண்டாம்னு சொன்னீங்க? எண்ணிக்கை நல்லா இருக்குன்னு..."

"நானா?"

"என்கிட்டயும் டாக்டர் வேண்டாம்னதாத்தான் சொன்னா," என்றான் அண்ணன் மெதுவாக.

மூவரும் கண்ணாடிக்குள் பார்த்தோம். மதினி கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே," என்றார் டாக்டர். கோபத்தை அடக்கிப் பேசினார். "போன ரெண்டு தடவையும் சமாளிச்ச மாதிரி சமாளிச்சிருப்பேன். நீங்களும் சொல்லல, அவங்களும் சொல்லல. படிச்சவங்கதான ரெண்டு பேரும்?"

நான் தேம்பி அழுதேன். டாக்டர் தன் கோட்டுப் பையில் இருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து என்னிடம் கொடுத்தார். பிறகு நர்ஸிடம் சொல்லி எனக்கு ஒரு முகமூடி போட்டுவிட்டார். ஐந்து வருஷத்துக்குப் பிறகு என் மூச்சு என் முகத்திலேயே சூடாக அடித்தது.

அடுத்து வந்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஊசி ஏறியது, காய்ச்சல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அம்மா வராந்தாவில் உட்கார்ந்து எனக்கும் மதினிக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டாள். என்னைப் பார்த்து ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வயிற்றுப் பக்கம் கண்ணைக்கூடக் கொண்டுபோகவில்லை. அண்ணன் என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தான். நான் போகவில்லை. மதினி மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருந்தது. பிழைத்து வரட்டும், நன்றாகத் திட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவது என்று உட்கார்ந்திருந்தேன்.

பிழைத்துவிட்டாள். "மருந்து பாதி, அவங்க பிடிவாதம் பாதி," என்றார் டாக்டர். இனி குழந்தை பிறந்து பால்குடி மறக்கும்வரை மதினிக்கு வேறு தடுப்பு மருந்துகள்தான், அறைவாசம்தான், அதற்குள் பொருத்தமான வேறு தாங்கி கிடைத்தால் நல்லது என்றும் சொன்னார். கண்ணாடிக்கு வெளியே நின்று மைக்கில் பேச அனுமதித்தார்.

மதினி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சிவப்பு திரும்ப வந்திருந்தது. விரல்கள் மறுபடி மடங்காமல் விறைத்துப் போயிருந்தன.

"என்னளா, முகத்த மூடிட்டு நிக்க? கொள்ளைக்காரி மாதிரி இருக்கு."

நினைத்து வைத்திருந்த திட்டில் பாதி மறந்துபோனது. "எதுக்கு மதினி இப்படிப் பண்ணீங்க? நான் கப்பல்ல போனேனா? எனக்குத் தோணியில ஏறினாலே வாந்தி வரும்."

சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்தது. அது அடங்கும்வரை காத்திருந்தேன்.

"ஆடிப் பை ஏறி ரெண்டே நாள்ல விரலெல்லாம் விரிஞ்சிட்டு இசக்கி. அப்படி ஒரு சுகம் எந்தப் பையிலயும் எனக்கு வந்ததில்ல. ராத்திரி கையை நீட்டி நீட்டி மடக்கிப் பாத்துட்டுக் கிடந்தேன். அப்பவே டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்துட்டு. அதுக்கப்புறம் ஒருநாள் நீ பஸ்ஸ விட்டு இறங்கி, மீன்காரி கிட்ட வரும்போது மூக்கைப் பொத்தினே. மீன் கூடைக்கு நடுவுல நின்னு சோறு தின்கிறவ நீ."

"தெரிஞ்சுதுன்னா என்கிட்ட கேட்டிருக்கலாம்லா?"

"நீயே சொல்லல. மூணு மாசம் முடியாம நான் எப்படி வாயத் திறந்து கேப்பேன்? கேட்டு, அதுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"டாக்டர்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"அவங்க உங்க அண்ணன்கிட்ட சொல்லுவாங்க. உங்க அண்ணன் வாயில என்னைக்கு ஒண்ணு தங்கியிருக்கு?"

எனக்குப் பின்னால் நின்ற அண்ணன் தலையைச் சொறிந்தான்.

"செத்துப் போயிருப்பீங்க மதினி."

"போயிருப்பேன்," என்றாள் சாதாரணமாக. "ரூம விட்டு வராம இருந்தா தப்பிச்சிரலாம்னுதான் நினைச்சேன். இந்தப் பாழாப்போன மழை முந்திக்கிட்டு. போன ரெண்டு தடவையும் நீ ஒவ்வொரு வீடா ஏறி இறங்கி, இல்லாமப் போச்சுன்னு சொல்லிட்டு வந்தேல்லா? அத மேல ஜன்னல்ல இருந்து பாத்துட்டு நின்னேன். இறங்கி வந்து உன் கையப் பிடிக்கக்கூட முடியல. இன்னொரு தடவை அதப் பாக்க என்னால ஆகாது."

எனக்குக் கண்ணை மறைத்தது. முகமூடி நனைந்து மூக்கில் ஒட்டிக்கொண்டது.

"இன்னைக்கு என்ன தேதி?" என்றாள் மதினி.

சொன்னேன். அவள் உதட்டை அசைத்து மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

"முடிஞ்சிட்டுல்லா?"

"முந்தாநாளே முடிஞ்சிட்டு."

"நல்லா இருக்கா?"

"இன்னைக்குக் காலையில ஸ்கேன் பாத்தாச்சு. நல்லா இருக்கு."

மதினி தலையணையை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"அப்போ சொல்லு," என்றாள்.

"என்னத்த?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ சொல்லு."

வராந்தாவில் அண்ணன் இருந்தான், அம்மா இருந்தாள், இரண்டு நர்ஸ்களும் தரை துடைக்கிற அக்காவும் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம்தான். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு மைக்கில் வாயை வைத்தேன்.

"மதினி, நான் முழுகாம இருக்கேன்."

"நெசமாவாளா?" என்றாள் மதினி. "எத்தனை மாசம்?"